நாலு கோடு

1981 ஆகஸ்ட் 12, புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, திருத்தணியில் அரக்கோணம் சாலையை ஒட்டிய நெசவாளர் குடியிருப்பில், கதவு எண் 14இன் பின்புறம் ஈரப் புடவையை உலர்த்தப் போன அம்சா, வயது இருபத்தாறு, துணிக்கொடிக் கம்பியைத் தொட்டதும் கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தாள். கம்பி, இரண்டு மரக்கம்பங்களுக்கு இடையே கட்டிய சாதாரண இரும்புக் கம்பி. அதற்கு மின் இணைப்பு எதுவும் இல்லை. அதற்கு நேர் மேலே நாற்பதடி உயரத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வோல்ட் மின்பாதை போகிறது.

அம்சாவின் கணவன் ஆதிகேசவன் அந்த வீட்டில் குழித்தறியில் லுங்கி நெய்பவன். வீடு கட்டியது 1974இல். மின்பாதை வந்தது 1979 ஜூனில். அதற்குப் பிறகு அம்சாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. அதற்கு முன்னால் அவள் கருவுற்றதே இல்லை. ஆகவே இது மின்பாதையால் வந்ததா, வேறு எதனாலா என்று ஒப்பிட்டுச் சொல்ல வழியில்லை. அரசு மருத்துவமனையின் பெண் டாக்டரிடம் கேட்டார்கள். தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அது நேர்மையான பதில். அடுத்த பதினைந்து மாதங்களில் அவர்களுக்குக் கிடைத்த நேர்மையான பதில் அது ஒன்றுதான்.

அம்சாவின் தம்பி வேணு, கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். அக்கா விழுந்த செய்தி கேட்டு வந்தவன், பொட்டலம் கட்டி வந்த ஒரு வாரப் பத்திரிகைத் தாளை எடுத்து வாசித்துக் காட்டினான். வெளிநாட்டில் எங்கோ மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் வீடுகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், அங்கே குழந்தைகளுக்கு நோய் கூடுதல் என்று சிலர் சொல்கிறார்கள், அதெல்லாம் இல்லை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். கம்பியைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வீச்சு இருக்கிறதாம், நொடிக்கு ஐம்பது முறை திசை மாறுமாம். கட்டுரை இப்படி முடிந்திருந்தது: அளந்து பார்த்தால்தான் தெரியும்.

ஆதிகேசவன் அந்தக் கடைசி வரியை நம்பினான்.

இங்கே குழித்தறியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெய்பவன் தரையில் உட்கார்ந்து, தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு மிதிகளை மிதிப்பான். தறியைப் பிரித்து மாட்டு வண்டியில் ஏற்றிவிடலாம், குழியை ஏற்ற முடியாது. வாடகை வீட்டில் குழி தோண்ட எந்தச் சொந்தக்காரனும் சம்மதிக்க மாட்டான். கதவு எண் 14ஐ விட்டுப் போனால் ஆதிகேசவன் சொந்தத் தறிக்காரன் அல்ல, யாருடைய ஷெட்டிலோ கூலிக்குப் போகிறவன். போகாமல் இருந்தால், மூன்றாவது முறையும் அம்சாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓட வேண்டி வருமோ என்ற பயத்துடன் இருக்க வேண்டும். இரண்டில் எது என்று முடிவு செய்ய அவனுக்கு ஓர் எண் தேவைப்பட்டது.

வட எல்லை மின்பாதைக் கோட்டத்துக்கு அவன் கொடுத்த மனுவில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லவும். நிறைய இருக்கிறது என்றால் தறியைப் பிரித்துக்கொண்டு போய்விடுகிறோம், இல்லை என்றால் இருக்கிறோம்.

கோட்டத்தின் தலைமை எழுத்தர் பஞ்சாட்சரம் மனுவை மூன்று முறை படித்தார். இருபத்தெட்டு வருட சேவையில் நஷ்டஈடு கேட்காத மனுவை அவர் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனுவுக்குக் கோப்பில் தலைப்பு கிடையாது.

"அளக்கணும்னா அளவி வேணும்பா. நம்மகிட்ட இல்லே," என்றார்.

"வாங்கலாமுங்களா?"

"வாங்கலாம். எவ்வளவு வரைக்கும் அளக்கிற அளவின்னு எழுதணும். பெரிய அளவியா வாங்கி உன் வீட்டுல கொஞ்சமா இருந்தா, அரசாங்கப் பணம் வீண். சின்னதா வாங்கி நிறைய இருந்தா, அளவி கெட்டுப்பூடும். அதனாலே உன் வீட்டுல எவ்வளவு இருக்குதுன்னு முதல்ல நீ எழுதிக் குடு."

"அதைக் கேட்டுத்தானுங்க நான் வந்துகினு இருக்கேன்."

"கேள்வி சரிதான். பதிலும் நீதான் கொண்டாரணும்."

அவர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். கூடவே இரண்டு நிபந்தனைகளைச் சொன்னார். மனு முடியும்வரை மனுதாரர் குடும்பத்துடன் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். காலி செய்தால் அவர் பாதிக்கப்பட்டவர் அல்ல, பாதிக்கப்பட்டவர் இல்லாத மனு தானாகவே ரத்தாகும். இரண்டாவது, அந்தத் துணிக்கொடிக் கம்பி இனிமேல் சான்றுப் பொருள். அதை அவிழ்க்கவோ, அதற்குப் பதிலாகக் கயிறு கட்டவோ கூடாது. மறுநாளே ஓர் ஊழியர் சைக்கிளில் வந்து கம்பியின் மரக்கம்பத்தில் முத்திரை வைத்த தகரச் சீட்டை ஆணியடித்துவிட்டுப் போனார். எச்சரிக்கையாகக் கம்பியை மட்டும் அவர் தொடவில்லை.

அன்றிலிருந்து அம்சா துணிகளைப் பக்கத்து வீட்டு ஜெயம்மாளின் கொடியில் உலர்த்தினாள். அது தேங்காய் நார்க் கயிறு.

அக்டோபரில் கோட்டம் ஒரு குழுவை அமைத்தது. அதற்குத் தாழ் அதிர்வு மின்காந்த வீச்சு அளவி மலிவுத் தேர்வுத் துணைக்குழு என்று பெயர். தலைவர், செயற்பொறியாளர் பரந்தாமன். உறுப்பினர் செயலர், பஞ்சாட்சரம். நிபுணர், சென்னையிலிருந்து வரும் வரதராஜன். குழு ஒவ்வொரு மாதமும் கிருத்திகை அன்று கூடுவதென்று தீர்மானிக்கப்பட்டது. நிபுணருக்கு அன்றைக்கு மலைக்கு வந்தாக வேண்டும் என்பது தீர்மானத்தில் இல்லை. காலையில் சுவாமி தரிசனம், பகலில் சாப்பாடு, மூன்று மணிக்குக் கூட்டம், நாலு மணி ரயிலுக்கு நிபுணர் புறப்பாடு. நடவடிக்கைப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களிலும் விபூதி படிந்திருந்தது.

முதல் கூட்டத்துக்கு ஆதிகேசவனும் அழைக்கப்பட்டான். நின்றபடி பரந்தாமனின் தொடக்க உரையைக் கேட்டான்.

"மலிவு என்றால் என்ன? குறைந்த விலைக்கு வாங்குவது மலிவு என்று பொதுமக்கள் நினைக்கிறார்கள். வாங்கவே வாங்காமல் இருப்பதுதான் உண்மையான மலிவு. ஆனால் ஒரு குழு அமைக்கப்பட்டுவிட்டதால், நாம் அவ்வளவு மலிவாக இருக்க முடியாது. ஆகவே அடுத்த நிலை மலிவைத் தேட வேண்டும்."

நிபுணர் வரதராஜன் அளவிகளின் வகைகளை விளக்கினார். வானொலி அலையை அளப்பது வேறு, கம்பிகளின் இந்தத் தாழ்ந்த வீச்சை அளப்பது வேறு. ஒரு திசையில் மட்டும் அளப்பதை வாங்கினால் கையால் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும், மூன்று திசையிலும் ஒருசேர அளப்பது விலை கூடுதல். அவர் சொன்னதெல்லாம் சரி. அதற்குள் மணி மூன்றே முக்கால் ஆகியிருந்தது.

படிவத்தில் ஆதிகேசவன், எதிர்பார்க்கப்படும் வீச்சு என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதியிருந்தான். அது நவம்பரில் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'தெரியாது என்பது எண் அல்ல' என்று குறிப்பு இருந்தது.

இதற்கிடையில், மின்பாதை மாநில எல்லைக்கு அப்பாலிருந்து வருவதால் அங்குள்ள அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. பதில் தெலுங்கில் வந்தது. கோட்டத்தில் தெலுங்கு பேசத் தெரிந்தவர்கள் பதினோரு பேர் இருந்தார்கள், மொழிபெயர்க்க அதிகாரம் பெற்றவர் ஒருவரும் இல்லை. ஆதிகேசவனின் வீட்டில் தெலுங்கும் புழங்கும் என்பதால் அவனையே கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்கள். அவன் படித்தான். தங்கள் தரப்பிலிருந்து மின்சாரம் மட்டுமே அனுப்பப்படுவதாகவும், வீச்சு எதையும் அனுப்புவதாக ஒப்பந்தத்தில் இல்லை என்றும், அப்படி ஏதாவது இருந்தால் அது எல்லையைத் தாண்டிய பிறகு சேர்ந்ததாக இருக்கும் என்றும் எழுதியிருந்தது. பரந்தாமன் திருப்தியுடன் தலையசைத்தார். தெளிவான கடிதம் என்றார்.

எண் இல்லாமல் படிவம் நகராது என்று தெரிந்ததும் வேணு அக்கா கணவனைப் பார்த்துச் சிரித்தான்.

"எண்தானே பாவா. நாமே ஒண்ணு பண்ணிக்கலாம்."

காற்றாடி மோட்டாருக்குக் கம்பி சுற்றுபவனிடம் மிச்சம் கிடந்த மெல்லிய தாமிரக் கம்பியை அவன் கொண்டுவந்தான். உடைந்த சல்லடையின் மரவளையத்தைச் சுற்றி எண்ணூறு சுற்று சுற்ற வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், அறுந்துவிடாமல். அதை அம்சா செய்தாள். நாள் முழுவதும் ராட்டையில் தறிக்குத் தார் நூல் சுற்றும் கை, நூலை இழுக்கும் அளவு தெரிந்த கை. ஒரு மதியத்தில் முடித்துவிட்டாள். சுருளின் இரண்டு முனைகளையும் ஒரு பழைய டிரான்சிஸ்டரின் உட்பலகையில் சேர்த்து, அதிலிருந்து தன் மல்டி மீட்டருக்கு வேணு இணைப்புக் கொடுத்தான். செலவு இருபத்திரண்டு ரூபாய்.

வளையத்தைத் தறிக் குழிக்கு மேலே பிடித்தபோது முள் எழுந்து நாலாவது கோட்டில் நின்றது. ஊரெல்லாம் விளக்கு போட்ட நேரத்தில் ஐந்துக்குப் போயிற்று. ரயில் நிலையத்துப் பக்கம் கொண்டுபோனால் ஒன்றுக்கு இறங்கிற்று. தெருக்காரர்கள் அதற்குச் சல்லடை மீட்டர் என்று பெயர் வைத்து, வரிசையாக வந்து தங்கள் வீட்டையும் பார்க்கச் சொன்னார்கள். மின்பாதைக்கு அடியில் இருந்த ஆறு வீடுகளில் முள் எழுந்தது. ஜெயம்மாள் வீட்டில் மூன்றே முக்கால். அவளுக்கு நாலு பிள்ளைகள், நாலும் நன்றாக இருந்தன.

"நாலுன்னா நல்லதா கெட்டதா?" என்று அம்சா கேட்டாள்.

வேணு தலையைச் சொறிந்தான். "இருக்குதுன்னு மட்டும்தான்க்கா இது சொல்லும். எவ்ளோன்னு சொல்லணும்னா, சரியான அளவி ஒண்ணு பக்கத்துல வெச்சு ஒத்துப் பாக்கணும். ஆபீஸ்ல ஒண்ணு வாங்கட்டும், அஞ்சு நிமிஷ வேலை."

ஆதிகேசவன் படிவத்தில் 'நாலு கோடு' என்று எழுதிக் கொடுத்தான். கோடு என்பது அலகா என்று யாரும் கேட்கவில்லை. எண் இருந்தது, அது போதும். நாலு கோடு வரை அளக்கக்கூடிய மலிவான அளவிக்கு விலைப்புள்ளி கேட்டு, ஜனவரியில் பல கம்பெனிகளுக்குக் கடிதம் போயிற்று. கோடு என்றால் என்ன என்று நாலு கம்பெனிகள் கேட்டன. கேட்டவர்களுக்கு விஷயம் தெரியாது என்று முடிவு செய்யப்பட்டு அவர்கள் நீக்கப்பட்டார்கள்.

மிஞ்சியது இரண்டு. ஒன்று, பெங்களூரில் ஒரு பட்டறை செய்யும் அளவி. கம்பிச் சுருளும் முள்ளும் உள்ளது, அறுநூற்று நாற்பது ரூபாய். இன்னொன்று, பள்ளிக்கூட ஆய்வகத்துக்குச் சாமான் விற்கும் ஒரு கடையின் காந்தமானி, எண்பத்தைந்து ரூபாய். விதிப்படி மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும். இரண்டை வைத்துக்கொண்டு குழு மாசிக் கிருத்திகையையும் பங்குனிக் கிருத்திகையையும் கழித்தது.

சித்திரையில் பஞ்சாட்சரமே கதவு எண் 14க்கு வந்தார். வாசலில் நின்று பேசினார், மேலே பார்த்துவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பேசினார்.

"உன்கிட்ட ஒரு அளவி இருக்குதாமே. அதுக்கு ஒரு விலைப்புள்ளி எழுதிக் குடு. மூணாயிடும். நான் உனக்கு நல்லது பண்ணத்தான் சொல்றேன்."

அந்த வாரம்தான் அம்சா தனக்கு நாள் தள்ளிப் போயிருப்பதைச் சொல்லியிருந்தாள். ஆதிகேசவன் மறு பேச்சு பேசாமல், 'சல்லடை மீட்டர் ஒன்று, விலை ரூபாய் இருபத்திரண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். சாமானையும் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனான்.

உறைகள் பிரிக்கப்பட்டன. குறைந்த விலை சல்லடை மீட்டருடையது. குறைந்த விலைக்காரரிடம்தான் வாங்க வேண்டும் என்பது விதி.

நிபுணர் வரதராஜன் வளையத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில், அந்தக் குழுவில் அதுவரை யாரும் பார்த்திராத ஓர் ஆர்வம் வந்தது. சுற்று எவ்வளவு என்று கேட்டார், யார் சுற்றியது என்று கேட்டார். முறையாக ஒப்பிட்டுக் கோடு போட்டால் இது நன்றாகவே வேலை செய்யும் என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் அதைச் சுற்றிக் காட்டினார். மேசை விசிறிக்குப் பக்கத்தில் முள் மூன்றுக்குப் போனது. பரந்தாமனின் நாற்காலிக்குப் பின்னால், கட்டடத்தின் மெயின் சுவிட்ச் பலகை இருந்த சுவர் அருகில், எட்டாவது கோட்டைத் தாண்டி முனையில் போய் முட்டி நின்றது.

பரந்தாமன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அங்கே நின்றபடி பேசினார்.

"ஓர் அளவியின் முதல் தகுதி என்ன? விவேகம். மனு கொடுத்தவர் வீட்டில் காட்டு என்று வாங்கினால், மனு கொடுத்தவர் வீட்டில் மட்டும் காட்ட வேண்டும். நாம் மனு எதுவும் கொடுக்கவில்லை. நம்மைக் கேட்காமல் நம்மை அளக்கிற பொருளை எப்படி நம்புவது? மேலும், மனுதாரரே அளவியை விற்பவராகவும் இருக்கிறார். இது நோயாளியே டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் விற்பது போல. நான் இதை நிராகரிக்கிறேன். ஆனால் மூன்று விலைப்புள்ளி வந்தது என்பது வந்ததுதான்."

சல்லடை மீட்டர் நிராகரிக்கப்பட்ட மாதிரி என்ற சீட்டுடன் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டப்பட்டது. நிராகரிக்கப்பட்ட மாதிரிகளைக் கொள்முதல் முடியும்வரை திருப்பித் தரக்கூடாது. வேணுவின் மல்டி மீட்டரும் அதோடு சேர்ந்து உள்ளே போயிற்று. கடையில் அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

அன்று மாலையே செயற்பொறியாளரின் நாற்காலியும் மேசையும் எதிர்ச் சுவருக்கு மாற்றப்பட்டன. பதிவேட்டில் காரணம், காற்றோட்டம்.

மிச்சமிருந்த இரண்டில் எண்பத்தைந்து ரூபாய் காந்தமானி மலிவு. இங்கே நிபுணர் ஒரு மறுப்பைப் பதிவு செய்தார். அது அசையாத காந்தத்தைக் காட்டும் கருவி. மேலே போகும் கம்பியின் வீச்சோ நொடிக்கு ஐம்பது முறை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாறுகிறது. முள் கிளம்புவதற்குள் திரும்பி வா என்று கூப்பிட்டுவிடும். ஆகவே அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

"அப்ப என்ன காட்டும்?" என்று பஞ்சாட்சரம் கேட்டார்.

"பூஜ்யம்."

"எப்பவும் ஒரே மாதிரி காட்டுமா, மாத்தி மாத்திக் காட்டுமா?"

"எப்போதும் ஒரே மாதிரிதான்."

"நம்பகத்தன்மை உண்டு" என்று பஞ்சாட்சரம் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினார். மணி மூன்றே முக்கால். நிபுணர் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலுக்குப் போனார்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் ஊரை நிறைத்ததால் அந்த மாதம் கொள்முதல் இல்லை. ஆவணியில் காந்தமானி வந்தது. அம்சாவுக்கு ஐந்தாம் மாதம். முந்தைய இரண்டு தடவையும் மூன்றாம் மாதம் தாண்டியதில்லை. அதனால் வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை. வேணு மட்டும் வரும்போதெல்லாம், கனகம்மாசத்திரத்தில் தன் வீட்டில் வந்து இருக்கும்படி அக்காவைக் கூப்பிட்டான். ஆதிகேசவன் கோட்டத்துக்குப் போய், மனைவியை மட்டும் அனுப்பலாமா என்று கேட்டு வந்தான். மனுவில் 'எங்கள்' என்று இருப்பதால் முடியாது என்று பஞ்சாட்சரம் சொன்னார். 'என்' என்று எழுதியிருந்தால் பரிசீலித்திருக்கலாம்.

"இன்னும் ஒரு மாசம் அம்சா. அளந்துட்டாங்கன்னா தெரிஞ்சிடும்," என்றான் ஆதிகேசவன்.

"போன மாசமும் இதான் சொன்னீங்க," என்றாள் அவள். ஆனால் இருந்தாள்.

அளக்கும் நாள் புரட்டாசிக் கிருத்திகையாக அமைந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஜீப் வந்தது. தெருவே கூடியிருந்தது. பெட்டியிலிருந்து காந்தமானியை எடுத்து அதன்மேல் ஒரு பூவை வைத்தார்கள். பரந்தாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டேகாலுக்கு விசைத்தறி ஷெட்டுகளின் சத்தம் ஒரே நேரத்தில் அடங்கியது. பிறகுதான் அவர் இறங்கினார்.

"கரண்ட்டு பூட்ச்சுங்களே," என்றான் ஆதிகேசவன்.

"போகவில்லை. நிறுத்தியிருக்கிறோம். அதிகாரிகள் உயரழுத்தப் பாதைக்குக் கீழே நின்று வேலை செய்யும்போது பாதையில் மின்சாரம் இருக்கக் கூடாது. விதி. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்."

"நாங்க தெனம் அதுக்குக் கீழதானுங்க இருந்துகினு இருக்கோம்."

"நீங்கள் குடியிருக்கிறீர்கள். நாங்கள் வேலை செய்கிறோம். குடியிருப்பவர்களுக்கு விதி கிடையாது."

ஆதிகேசவன் நிபுணரைப் பார்த்தான். சல்லடையைக் கையில் பிடித்தபோது அந்த மனிதரின் முகத்தை அவன் பார்த்திருந்தான். கரண்ட் இல்லாமல் எதைச் சார் அளப்பீர்கள் என்று அவரிடம் மெதுவாகக் கேட்டான்.

வரதராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்த அளவிக்கு மின்சாரம் இருந்தாலும் பூஜ்யம், இல்லாவிட்டாலும் பூஜ்யம். ஆகவே மின்தடையால் முடிவில் எந்தப் பிழையும் வராது," என்றார். அவன் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

வாசல், கூடம், தறிக் குழி, அடுப்படி, பின்கட்டு என்று ஏழு இடங்களில் அளந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் பஞ்சாட்சரம் உரக்க 'பூஜ்யம்' என்றார். தறிக் குழிக்குள் அளவியை இறக்கும்போது நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலில் நாலைந்து இழை அறுந்தது. கடைசியில் துணிக்கொடிக்கு வந்தார்கள். சான்றுப் பொருளைச் சோதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவரே தொட்டுக் காட்டினால் நல்லது என்றார் பரந்தாமன்.

ஆதிகேசவன் வேண்டாம் என்றான். அம்சா அவனைத் தாண்டிப் போனாள். ஆறு மாத வயிற்றுடன், ஒரு வருடத்துக்கும் மேலாகத் தொடாத கம்பிக்கு முன்னால் போய் நின்றாள். தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. கம்பியை முழுக் கையால் பிடித்துக்கொண்டு, பரந்தாமனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மனுதாரரின் மனைவி தாமாக முன்வந்து, மகிழ்ச்சியுடன் தொட்டார்" என்று பஞ்சாட்சரம் எழுதினார்.

பரந்தாமன் தெருவுக்கு ஓர் உரை ஆற்றினார். அச்சம் என்பது அளக்கப்படாத வரைதான் என்றும், இன்று அது அளக்கப்பட்டு இல்லை என்று ஆகிவிட்டது என்றும் சொன்னார். மலிவான அளவியால் இவ்வளவு நல்ல முடிவு கிடைத்திருக்கும்போது விலை உயர்ந்த அளவி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் என்றார். தெரு யோசித்தது. ஜெயம்மாள் வீட்டிலிருந்து எல்லோருக்கும் மோர் வந்தது. அதிகாரிகள் நின்றபடி குடித்துவிட்டு அவசரமாக ஜீப்பில் ஏறினார்கள். மணி ஒன்று ஆவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. ஒரு மணிக்கு மின்சாரம் திரும்பும்.

ஒரு மணிக்கு விசைத்தறிகளின் சத்தம் தொடங்கியது. அம்சா உள்ளே போய், வேணு கொடுத்து வைத்திருந்த டெஸ்டரை எடுத்து வந்தாள். அதன் நுனியைக் கொடிக் கம்பியில் வைத்தாள். கண்ணாடிக்குள் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. மின் இணைப்பில்லாத, கோட்டத்தின் முத்திரை பெற்ற கம்பி. எடுத்தாள், அணைந்தது. மறுபடி வைத்தாள், எரிந்தது.

"கெளம்பலாங்க," என்றாள்.

"கடுதாசி வரட்டும் அம்சா. எழுதிக் குடுப்பாங்க."

"இது கெட்டதா இல்லியான்னு எனக்குத் தெரியாது. ஜெயம்மாக்கா நாலு பெத்துக்கினு நல்லாத்தான் இருக்குது. ஆனா எனக்குத் தெரியணும்னு இருக்குது, அவங்களுக்குத் தெரியவே வேணாம்னு இருக்குது. அவங்க தெரிஞ்சிக்கிற வரைக்கும் கொழந்த வயித்துல காத்துக்கினு இருக்காதுங்க."

ஆதிகேசவன் தறிக்குப் போய், அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தான். பாவில் இன்னும் ஒன்பது லுங்கி பாக்கி இருந்தது. அதை நெய்து முடிக்க நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் தறியைப் பிரித்தான். திறந்த குழியை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டக் கூடாது என்று தெருக்காரர்கள் சொன்னதால், மூன்று வண்டி மண் கொட்டிக் குழியை மூடினான். வேணு மண்ணை மிதித்துச் சமன் செய்தான்.

கடிதம் நவம்பரில் வந்தது. மனுதாரர் வீட்டில் வீச்சு பூஜ்யம் என்றும், மனுதாரர் அங்கே குடியிருக்கவில்லை என்பதால் மனு ரத்தாகிறது என்றும் இரண்டு பத்திகள் இருந்தன. அது பூட்டிய கதவின் கீழே செருகப்பட்டிருந்தது. ஜெயம்மாள் எடுத்து, கனகம்மாசத்திரம் போகிறவரிடம் கொடுத்தனுப்பினாள்.

சல்லடை மீட்டரைத் திருப்பிக் கேட்டு வேணு இரண்டு முறை போனான். தணிக்கை முடியவில்லை என்றார்கள்.

1983 ஜனவரி 19ஆம் தேதி கனகம்மாசத்திரத்தில் அம்சாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டே முக்கால் கிலோ. செய்தி தெரிந்து பஞ்சாட்சரம் ஆளனுப்பிப் பிறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கினார். அது கோப்பில் கடைசித் தாளாகச் சேர்க்கப்பட்டது. மேற்படி மின்பாதையால் தீங்கு இல்லை என்பதற்கு ஆதாரம் என்று அதன் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. குழந்தை பிறந்த ஊர் சான்றிதழில் இருக்கிறது. அதை யாரும் கவனிக்கவில்லை.

வீச்சு பூஜ்யம் என்று சான்று பெற்ற வீடு என்பதால் கதவு எண் 14ஐக் கோட்டம் தன் கிடங்குக் காவலாளி ஆனந்தனுக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது. ஒன்பதாவது நாள் அவர் காலி செய்தார். இரும்புத் தொட்டியில் வாய் வைக்க மாட்டேன் என்கிறது மாடு என்று காரணம் எழுதிக் கொடுத்தார்.

ஆதிகேசவன் கனகம்மாசத்திரம் சாலையில் ஒரு விசைத்தறி ஷெட்டில் தினக்கூலிக்கு வேலை செய்கிறான். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.